கல்லெழுத்தும் காந்த எழுத்தும்

நயினாதீவு நாகபூஷணி அம்மன் ஆலயத்திலே தமிழ்க் கல்வெட்டொன்று உளது. பொலன்னறுவையிலிருந்து 1153 முதல் 1186 வரை ஆட்சி புரிந்த முதலாம் பராக்கிரமபாகு மன்னனின் ஆணை அதிற் பொறிக்கப்பட்டுள்ளது. வரலாற்றறிஞர் கா. இந்திரபாலா 1963 இல் அதனை ஆராய்ந்து வெளியிட்டார். ஊராத்துறை என அந்நாளில் வழங்கிய ஊர்காவற்றுறைக்கு வந்து சேரும் பிறநாட்டு வணிகர் பாதுகாக்கப்படல் வேண்டும் என்பது அவ்வாணையின் நோக்கம். யானையும் குதிரையும் ஏற்றிவரும் மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு கூறு பண்டாரத்துக்கும், எஞ்சிய மூன்று கூறு உடையவனுக்கும் உரியன. பிற சரக்கு ஏற்றிய மரக்கலமாயின் சரிபாதி பண்டாரத்துக்கு, சரிபாதி உடையவனுக்கு. கடல் வணிகத்தின் நடைமுறையொன்று இவ்வாறு கல்லிலே நிலைபெற்றது.

எட்டு நூற்றாண்டுக்கு மேலாக அவ்வெழுத்து நின்று வந்திருக்கின்றது. மாரி மழையையும் கோடை வெயிலையும் உப்புக் காற்றையும் போர்களையும் அது கடந்துவிட்டது. நிலைபேறு என்னும் பண்புக்கு இதனிலும் சிறந்த சான்று தீவகத்திற் காண்டல் அரிது. ஆயினும் கல்லின் குறையும் வெளிப்படை. ஒரு கற்பலகையிலே சில வரிகள் மாத்திரமே அடங்கும். அரசனின் ஆணைக்குக் கல் கிடைத்தது. குடியானவனின் காணிக் கணக்குக்கும், மாலுமியின் கடற்குறிப்புக்கும், வைத்தியனின் மருந்து முறைக்கும் கல் கிடைப்பதில்லை.

அவற்றுக்குப் பனை உதவிற்று. நெடுந்தீவு முதலாகத் தீவகம் எங்கணும் பனை செழித்து வளர்வது. அதன் ஓலையைப் பதப்படுத்தி எழுத்தாணியாற் கீறினால், கையடக்கமான ஒரு சுவடியிலே ஒரு நூல் முழுவதும் அடங்கிவிடும். ஆனால் ஓலைக்குக் கறையான் பகை, இராமபாணம் பகை, ஈரமும் பகை. சில தலைமுறைக்கு ஒரு முறையேனும் புதிய ஏட்டிற் பெயர்த்தெழுதினாலன்றி நூல் பிழைப்பதில்லை. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிலே தோன்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை, பெயர்த்தெழுதுவார் இன்றிப் பழஞ்சுவடிகள் அழிந்துபடும் நிலை கண்டு வருந்தி, அவற்றுட் பலவற்றை அச்சேற்றினார். கல் குறைவாகக் கொண்டு நெடுங்காலம் நின்றது. ஓலை மிகுதியாகக் கொண்டு குறுங்காலம் நின்றது. எழுத்து எவ்வளவு இடத்தைக் கொள்கின்றது, எவ்வளவு காலம் நிற்கின்றது என்னும் இவ்விரு வினாக்களும் எழுதுபொருள் யாவற்றுக்கும் உரியன. இன்று உலகத்தின் எழுத்துகளிற் பெரும்பகுதியைத் தாங்கி நிற்பது காந்த மென்படலம் என்னும் பொருள். கணினியின் வன்தட்டிலே பூசப்பெற்றிருப்பது அதுவே. அவ்விரு வினாக்களுக்கும் அது கூறும் விடை யாது என்பதே இங்கு ஆராயத்தக்கது.

காந்தம் தீவக மக்களுக்குப் புதிதன்று. ஊர்காவற்றுறையிலிருந்து பாய்விரித்துச் சென்ற கப்பல்களிலே திசைகாட்டி இருந்தது. அதன் ஊசி எப்பொழுதும் வடக்கு நோக்கி நிற்பதனாலேயே மாலுமி நடுக்கடலிலும் வழி தவறாதிருந்தான். அவ்வூசி எவ்வாறு காந்தமாயிற்று? உருக்காற் செய்த தையல் ஊசியொன்றைக் காந்தக் கல்லின் ஒரு முனையால் ஒரே திசையிற் பலமுறை தேய்த்தால் அதுவும் காந்தமாகிவிடும். தேய்த்த திசையை மாற்றினால் ஊசியின் வடமுனை தென்முனையாக மாறும். தேய்த்த கல்லை அகற்றிய பின்னரும் ஊசி தான் பெற்ற திசையை மறவாது. இந்த மறவாமையே காந்த எழுத்தின் அடிப்படை. வடக்கு நோக்கிய ஊசியை ஒன்று எனவும், தெற்கு நோக்கிய ஊசியைச் சுழி எனவும் கொண்டால், ஊசிகளை வரிசையாக அடுக்கி எந்தச் செய்தியையும் எழுதிவிடலாம். கணினி அறிந்த எழுத்துகள் ஒன்றும் சுழியும் ஆகிய இரண்டே. அவற்றுள் ஒவ்வொன்றும் பிற்று எனப்படும். எட்டுப் பிற்று சேர்ந்தது ஒரு பைற்று.

எல்லாப் பொருளும் ஒரே அளவு மறவாமை உடையன அல்ல. மெல்லிரும்பு ஆணி காந்தத்தை எளிதில் ஏற்கும், எளிதில் இழக்கும். கடினமான உருக்கு அரிதில் ஏற்கும். ஏற்றதை இறுகப் பற்றும். எழுதுவோன் கருவிக்கு மெல்லிரும்பைப் போன்ற பொருளையும், ஏட்டுக்குக் கடின உருக்கைப் போன்ற பொருளையும் தெரிவு செய்ய வேண்டும். எழுத்தாணி கூர்மையாகவும் ஓலை இறுக்கமாகவும் இருக்க வேண்டும் என்னும் பழைய விதியின் மறுவடிவம் இது.

இக்கருத்தை முதலிற் செயலாக்கியவர் டென்மார்க் நாட்டவரான வால்டெமார் பவுல்சன். 1898 இல் அவர் உருக்குக் கம்பியிலே மனிதக் குரலைக் காந்தமாகப் பதிந்தார். 1928 இல் ஜேர்மனியரான பிரிற்ஸ் புலோய்மர், கடதாசி நாடாவிலே காந்தத் தூளைப் பூசும் முறையைக் கண்டார். 1935 இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியிலே காந்த ஒலிநாடாக் கருவி பொதுமக்கள் முன் வைக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரின் பின்னர் உலகத்து ஒலிபரப்பு நிலையங்கள் யாவும் அந்நாடாவை ஏற்றுக்கொண்டன. பேச்சும் இசையும் நாடகமும் அதன் பழுப்புநிறப் பூச்சிலே வாழ்ந்தன. அப்பூச்சு, துருவுக்கு நெருங்கிய உறவான இரும்பொட்சைட்டுத் தூளைப் பசையிற் குழைத்து இட்டதாகும். நாடாவின் சிறப்பு, எழுதியதை அழித்து மீண்டும் எழுதலாம் என்பது. அச்சிறப்பே ஆபத்துமாயிற்று. நாடா விலையுயர்ந்திருந்த காலத்திலே, பல நாட்டு நிலையங்கள் பழைய நிகழ்ச்சிகளை அழித்து அவற்றின்மேற் புதியவற்றைப் பதிந்தன. அவ்வாறு மறைந்த குரல்கள் மீளவில்லை.

நாடாவிலே ஒரு செய்தியைத் தேடுவதற்கு அதனைத் தொடக்கத்திலிருந்து சுற்ற வேண்டும். சுழலும் தட்டாயின் வேண்டிய இடத்துக்கு உடனே செல்லலாம். இந்நோக்குடன் அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனம் 1956 இல் முதலாவது வன்தட்டுக் கருவியை வெளியிட்டது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் அதில் இருந்தன. அதன் நிறை ஒரு தொன்னுக்கு மேல். அத்துணைப் பெரிய கருவி கொண்டது 50 இலட்சம் எழுத்துகளே. தட்டின் ஒரு சதுர அங்குலத்திலே ஏறத்தாழ 2,000 பிற்று அடங்கின. இன்றைய வன்தட்டின் ஒரு சதுர அங்குலத்திலே ஓர் இலட்சம் கோடிப் பிற்றுக்கு மேல் அடங்குகின்றன. இடைப்பட்ட காலத்திலே செறிவு 50 கோடி மடங்கு பெருகியிருக்கின்றது. இப்பெருக்கத்துக்குரிய காரணங்களுள் முதன்மையானது, பூச்சு படலமாக மாறியமையாகும்.

பூச்சில் உள்ள தூள்மணிகள் ஒழுங்கற்றவை. இடையிற் பசை இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆதலால் 1980களில் தூளும் பசையும் கைவிடப்பட்டு, உலோகத்தையே அணு அணுவாகப் படியச் செய்யும் முறை வன்தட்டுகளுக்கு வந்தது. காற்று அகற்றப்பட்ட அறையொன்றிலே மினுக்கிய அலுமினியத் தட்டு அல்லது கண்ணாடித் தட்டு வைக்கப்படும். அதற்கு எதிரே கோபாற்றுக் கலப்புலோகப் பாளம் இருக்கும். அறையினுட் சிறிதளவு ஆகன் வாயுவைச் செலுத்தி மின்னூட்டினால், ஆகன் அயன்கள் விரைந்து சென்று பாளத்தைத் தாக்கும். தாக்குண்ட பாளத்திலிருந்து அணுக்கள் தெறித்துத் தட்டிலே படியும். மாரிக் காலத்திலே முதல் துளி விழுந்த மண் சேறாகத் தெறித்துச் சுவரில் ஒட்டுவதை ஒத்தது இது. ஆனால் இங்கே தெறிப்பவை தனித்தனி அணுக்கள். ஒட்டும் படலத்தின் தடிப்பை அணுக்களை எண்ணுவது போலக் கட்டுப்படுத்தலாம்.

இவ்வாறு படியும் காந்தப் படலத்தின் தடிப்பு ஏறத்தாழ 20 நானோமீற்றர். ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் அதில் ஒரு கூறு ஒரு நானோமீற்றர். மனிதனின் தலைமயிர் ஏறத்தாழ 80,000 நானோமீற்றர் தடிப்புடையது என்பதைக் கொண்டு இதன் மென்மையை உய்த்துணரலாம். படலம் ஒரே விரிப்பாகவும் இருப்பதில்லை. கோபாற்று, குரோமியம், பிளாற்றினம் ஆகியன கலந்த நுண்மணிகள், தேன்கூட்டின் அறைகளைப் போல நெருங்கி நிற்கும். ஒவ்வொரு மணியின் குறுக்களவும் ஏறத்தாழ 8 நானோமீற்றர். மணிக்கும் மணிக்கும் இடையே, மணலிலும் கண்ணாடியிலும் உள்ள சிலிக்கா போன்ற ஒட்சைட்டு வரம்பாக அமைந்திருக்கும். வயலுக்கு வரம்பு எவ்வாறோ அவ்வாறே மணிக்கு இவ்வொட்சைட்டு. வரம்பு இல்லையேல் ஒரு மணியின் காந்தத் திசை அயல் மணியையும் இழுத்துச் செல்லும். எழுத்தின் ஓரம் கலங்கிவிடும். படலத்தின் கீழே உருத்தேனியம் என்னும் உலோகப் படையொன்று உண்டு. மேலே வளரும் கோபாற்றுப் பளிங்குகள் யாவும் நிமிர்ந்து நிற்குமாறு அது வழிப்படுத்தும்.

ஒரு பிற்றை எழுதுவதற்கு ஏறத்தாழ பத்து மணிகள் பயன்படுகின்றன. ஒரு மணியின் திசை பிழைத்தாலும் மற்றையவை சாட்சி சொல்லும். எழுதுந்தலை தட்டின்மீது சில நானோமீற்றர் இடைவெளியிலே மிதந்து செல்லும். நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் தட்டின் விளிம்பு, மணிக்கு 120 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்திலே அதன்கீழ் ஓடும். எழுதியதை வாசிப்பதற்கும் மென்படலமே துணை. காந்தப் படலமும் காந்தமற்ற படலமும் சில அணுத் தடிப்பில் அடுக்கப்படின், வெளிக்காந்தப் புலத்துக்கேற்ப அவ்வடுக்கின் மின்தடை பெரிதும் மாறும். 1988 இல் பிரான்சின் அல்பேர் பேர், ஜேர்மனியின் பீற்றர் குறுன்பேர்க் ஆகிய இருவரும் தனித்தனியே இதனைக் கண்டறிந்து, 2007 இல் பௌதிகவியலுக்கான நோபெல் பரிசைப் பகிர்ந்து பெற்றனர். 1997 இலேயே அவ்வுண்மை வன்தட்டின் வாசிக்குந்தலையாக உருப்பெற்றுவிட்டது.

இச்செறிவின் பொருளைத் தமிழர் மறக்கவியலாத ஓர் இழப்பைக் கொண்டு அளந்தறியலாம். 1981 ஆம் ஆண்டு மே மாதம் 31 ஆம் நாள் இரவு தொடங்கிய வன்செயலிலே யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையாயிற்று. அங்கே 97,000 நூல்கள் வரையில் அழிந்தன. அவற்றுடன் ஓலைச்சுவடிகளும் அழிந்தன. ஒரு நூலுக்குச் சராசரி 200 பக்கம் எனக் கொண்டால் ஒரு கோடியே 94 இலட்சம் பக்கங்கள் ஆகும். ஒரு பக்கத்தின் படத்துக்குப் பத்து இலட்சம் பைற்று வேண்டும் எனக் கொண்டால், மொத்தம் 19 இலட்சத்து 40 ஆயிரம் கோடிப் பைற்று. இன்று விற்பனைக்கு வந்துள்ள பெரிய வன்தட்டு 30 இலட்சம் கோடிப் பைற்றுக்கு இடமளிப்பது. எரிந்த நூலகம் முழுவதும் ஒரு கையில் ஏந்தத்தக்க பெட்டிக்குள் அடங்கிவிடும். மேலும் மூன்றில் ஒரு பங்கு இடம் எஞ்சி நிற்கும். நினைக்க மகிழ்ச்சி தருவது இது. அச்சம் தருவதும் இதுவே. ஒரு நூலகத்தை அழிக்கப் பெருந்தீ வேண்டியிருந்தது. அப்பெட்டி கைதவறி நிலத்தில் விழுந்தாற் போதும்.

வீழ்ச்சியும் தீயும் புறப்பகை. காந்த எழுத்துக்கு அகப்பகையும் ஒன்று உண்டு. அது வெப்பம். இங்கே வெப்பம் என்பது நெருப்பன்று. அறையின் இயல்பான வெப்பமே. எப்பொருளின் அணுக்களும் ஓயாது அதிர்ந்துகொண்டிருப்பன. அவ்வதிர்வு ஒவ்வொரு மணியையும் ஒரு செக்கனில் நூறு கோடி முறை தட்டிப் பார்க்கின்றது எனலாம். மணியின் காந்தத் திசை புரளாது நிற்பதற்கு ஒரு தடை உண்டு. அத்தடையின் உயரம் மணியின் பருமனையும் அது ஆக்கப்பட்ட பொருளின் கடுமையையும் பொறுத்தது. தடையின் சத்தி வெப்பத்தின் சத்தியைப்போல 40 மடங்காயின், மணி தானாகப் புரள்வதற்குச் சராசரி ஏழு ஆண்டுக்கு மேற்செல்லும். அதே பொருளாலாகிய மணியின் பருமனைப் பாதியாக்கினால் தடை 20 மடங்காகக் குறையும். அப்பொழுது ஏழு ஆண்டு மூன்றரை ஆண்டாகக் குறையும் என்றே எவரும் எண்ணுவர். கணக்கு அவ்வாறு அமையவில்லை. ஏழு ஆண்டு அரைச் செக்கனாகச் சுருங்கிவிடும். தடை 60 மடங்காயினோ காலம் பல கோடி ஆண்டாக விரியும். மணிகள் யாவும் ஒரே பருமனுடையன அல்ல ஆதலாலும், அயல் மணிகளின் காந்தமும் அலைக்கும் ஆதலாலும், பொறியியலாளர் 60 மடங்கையே பாதுகாப்பான அளவாகக் கொள்கின்றனர்.

இங்கேதான் சிக்கல் பிறக்கின்றது. செறிவு வேண்டுமாயின் மணி சிறுக்க வேண்டும். மணி சிறுத்தால் எழுத்து தானே அழியும். அழியாதிருக்க வேண்டுமாயின் மிகக் கடுமையான காந்தப் பொருளை நாட வேண்டும். பொருள் கடுமையாயின் எழுதுந்தலை தோற்றுவிடும். ஏனெனில் தலை ஆக்கப்பட்ட இரும்புக் கோபாற்றுக் கலப்புலோகம் தரவல்ல காந்தப் புலத்துக்கும் இயற்கை ஓர் எல்லை வகுத்திருக்கின்றது. சிறுமை, நிலைபேறு, எழுதுமை ஆகிய மூன்றில் இரண்டைப் பற்றினால் மூன்றாவது நழுவுகின்றது. மென்படல ஆய்வாளர் கடந்த கால் நூற்றாண்டுக்கு மேலாகச் செய்துவருவது இம்மூன்றுக்கும் இடையே உடன்பாடு காண்பதே.

முதலாவது உடன்பாடு 2001 இல் வந்தது. இரண்டு காந்தப் படலங்களுக்கிடையே மூன்று அணுத் தடிப்பிலே உருத்தேனியத்தை வைத்து, ஒன்றுக்கு மற்றது எதிர்த்திசையிற் துணைநிற்குமாறு ஐ.பி.எம். நிறுவனத்தார் அமைத்தனர். இரண்டாவது உடன்பாட்டின் வித்து அதற்கு முன்னரே ஊன்றப்பட்டிருந்தது. பழைய தட்டுகளிலே காந்தத் திசை படலத்தின் கிடையாக அமைந்தது. அதனை நிலைக்குத்தாக நிறுத்தினால் குறைந்த நிலத்திலே மிகுந்த பருமனுள்ள மணிகளை நாட்டலாம் என்பதை யப்பானியப் பேராசிரியர் சுன்-இச்சி இவசாக்கி 1970களில் எடுத்துக்காட்டினார். படுத்திருக்கும் பனங்குற்றியிலும் நிற்கும் பனை குறைந்த இடத்தைக் கொள்ளும் அன்றோ? எனினும் அக்கருத்து விற்பனைப் பொருளாக வருவதற்கு 2005 ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அவ்வாண்டிலே தோஷிபா நிறுவனம் முதலாவது நிலைக்குத்துப் பதிவு வன்தட்டை வெளியிட்டது.

இத்துறையின் வளர்ச்சியிலே சிங்கப்பூருக்கு ஓர் இடம் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே யாழ்ப்பாணத்தவரும் தீவகத்தவரும் எழுதுவினைஞராகவும் புகையிரத உத்தியோகத்தராகவும் கடல் கடந்து சென்ற மலாயாவும் சிங்கப்பூரும், பிற்காலத்திலே வன்தட்டுத் தொழிலின் பெருநிலையங்களாயின. 1982 இல் சீகேற் நிறுவனம் சிங்கப்பூரிலே தொழிற்சாலை தொடங்கிற்று. அங்குள்ள தரவுச் சேமிப்பு நிறுவகத்திலும், பின்னர் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றிய தமிழ் அறிஞர் எஸ். என். பிரமநாயகம், நிலைக்குத்துப் பதிவுப் படலங்களைப் பற்றி 2007 இல் எழுதிய விரிவான ஆய்வுரை அத்துறையிற் பயில்வோர் நன்கறிந்தது. தரவுச் சேமிப்புக்குரிய பொருள்களைப் பற்றிய நூலொன்றையும் அவர் 2011 இல் இணைப்பதிப்பாசிரியராக வெளியிட்டார்.

மூன்றாவது உடன்பாட்டைப் புரிந்துகொள்வதற்குக் கொல்லனின் பட்டறை போதும். குளிர்ந்த இரும்பைச் சம்மட்டியால் அடித்தாலும் அது வளையாது. உலையிலிட்டுச் செந்நிறமாக்கினால் எளிதில் வளையும். ஆறியபின் வளைந்த வடிவத்திலேயே இறுகிவிடும். காந்தமும் அவ்வாறே. காந்த ஊசியைச் செஞ்சூடாக்கினால் அது காந்தத்தை இழக்கும். ஒவ்வொரு பொருளுக்கும் இதற்கென ஒரு வெப்பநிலை உண்டு. இரும்புக்கு அது 770 பாகை செல்சியஸ். இரும்பும் பிளாற்றினமும் அணுப் படை ஒன்றுவிட்டு ஒன்றாக அடுங்கிய கலப்புலோகம், பழைய கோபாற்றுப் படலத்திலும் பத்து மடங்குக்கு மேற் கடுமையுடையது. அதில் மணி மிகச் சிறுத்தாலும் எழுத்து நிலைக்கும். ஆனால் குளிர்ந்த நிலையில் எந்தத் தலையாலும் அதில் எழுத இயலாது. ஆதலால் எழுதுந்தலையிலே ஒரு நுண்ணிய லேசரைப் பொருத்தி, ஒளியைப் பொன்னாலாகிய நுண்முனையாற் குவித்து, எழுத வேண்டிய புள்ளியை மாத்திரம் 450 பாகை அளவுக்குச் சூடாக்குகின்றனர். மெலிந்த அக்கணத்திலே காந்தம் எழுதிவிடும். செக்கனின் நூறு கோடியில் ஒரு கூறு அளவான காலத்தில் புள்ளி ஆறி, எழுத்து இறுகிவிடும். பல ஆண்டு முயற்சியின் பின்னர் 2024 இல் சீகேற் நிறுவனம் இம்முறையாலமைந்த 30 டெராபைற்று வன்தட்டை அறிவித்தது. மேலே கணக்கிட்ட 30 இலட்சம் கோடிப் பைற்று அதுவே.

தீவகத்துக்குத் தனியே உரிய பகை ஒன்றும் உண்டு. கடற்கரை வீட்டின் யன்னற் கம்பியையும் வள்ளத்தின் இயந்திரத்தையும் உப்புக் காற்று எவ்வாறு தின்னும் என்பதைத் தீவகத்தார் அறிவர். கோபாற்றும் அரிப்புக்குட்படும் உலோகமே. அதனைக் காப்பதற்குப் படலத்தின்மேல் வைரத்தை ஒத்த கடுமையுள்ள காபன் படை, 2 அல்லது 3 நானோமீற்றர் தடிப்பில் இடப்படுகின்றது. அதன்மேல் ஒரு மூலக்கூற்றுத் தடிப்பில் எண்ணெய்ப் பசை. இக்காப்பை மேலும் தடிப்பாக்கினால் என்ன என்று வினவலாம். காப்புத் தடித்தால் தலைக்கும் எழுத்துக்கும் இடைவெளி கூடும், வாசிப்பு மங்கும். இங்கும் செறிவுக்கும் நிலைபேற்றுக்கும் இடையே அதே வழக்கு. சாதாரண வன்தட்டின் உறையிலே வடிகட்டியுடன் கூடிய சிறு துவாரம் இருக்கும். புறக்காற்றின் ஈரத்தை அது முற்றாகத் தடுப்பதில்லை. 2013 முதல் விற்பனைக்கு வந்த ஈலியம் நிரப்பிய பெரிய வன்தட்டுகள் முழுவதும் மூடப்பட்டவை. கடலோரத்தில் வன்தட்டை வைத்திருப்போர் இவ்வேற்றுமையை அறிந்திருத்தல் நன்று. உலர்ந்த குளிர்ந்த அறையும், காற்றுப் புகாத பெட்டியும், ஈரமுறிஞ்சும் சிலிக்காப் பொதியும் எளிய காப்புகள்.

இத்துணைக் காப்பிருந்தும் வன்தட்டுக்குச் செய்வோர் அளிக்கும் உத்தரவாதம் பெரும்பாலும் ஐந்து ஆண்டுக்கு மேற்படாது. காந்த எழுத்து அதனினும் நெடிது நிற்கலாம். சுழற்றும் பொறியும் மிதக்கும் தலையும் முன்னரே ஓய்ந்துவிடும். காந்த நாடாவை நன்கு பேணினால் 30 ஆண்டு நிற்கும் என்பர். சட்டைப் பையில் அடங்கும் பிளாஷ் நினைவகம் காந்தத்தை நம்பாது இலத்திரன்களைச் சிறைவைத்து எழுதுவது. அவையும் காலப்போக்கிற் கசிந்து வெளியேறும். நயினாதீவுக் கல்லின் எட்டு நூற்றாண்டுக்கு இவற்றுள் ஒன்றேனும் நிகராகாது. பனையோலைச் சுவடி கண்ட ஆயுளைக்கூட இவை எட்டுவதரிது.

ஆகவே காந்தப் படலம் எவ்வகை ஏடு என்னும் வினாவுக்கு விடை தெளிவு. அது கல்லின் இனத்தைச் சேர்ந்ததன்று. ஓலையின் இனத்தைச் சேர்ந்தது. பெயர்த்தெழுதினால் வாழும், பெயர்த்தெழுதாவிடின் மாளும். ஆனால் ஓலைக்கு இல்லாத பேறு ஒன்று அதற்கு உண்டு. சுவடியைப் பெயர்த்தெழுதப் புலமையுள்ள ஒருவர் மாதக்கணக்காக இருந்தெழுத வேண்டும். எழுதுந்தோறும் பிழை புகும். காந்த எழுத்தைப் பெயர்ப்பதற்குச் சில மணிநேரமும் சிறு செலவும் போதும்; முறையாகச் சரிபார்த்தால் நூறாவது படியும் முதற்படியோடு ஓரெழுத்தும் மாறாதிருக்கும்.

இவ்வுண்மை தீவகத்தாருக்கு வெறும் விஞ்ஞானச் செய்தியன்று. 1990, 1991 ஆம் ஆண்டுகளிலே போர் காரணமாகத் தீவக மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். கைக்குழந்தையையும் உடுத்த துணியையும் கொண்டு வள்ளமேறியவர்கள், காணி உறுதியையும் பாடசாலைக் குறிப்பேட்டையும் கோயிற் கணக்கையும் எல்லா வீடுகளிலிருந்தும் எடுத்துவர இயலுமா? ஒரே ஒரு படியாக இருந்தவை ஒரே நாளில் இல்லாதனவாயின. 2005 இல் தொடங்கப்பெற்ற நூலகம் என்னும் மின்னூலகம், ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் மலர்களையும் படமெடுத்து எவரும் படிக்கத்தக்கதாக வைத்துவருகின்றது. பல கோயில்களின் மலர்களும் பாடசாலைகளின் நினைவு வெளியீடுகளும் இன்று உலகின் எம்மூலையிலிருந்தும் வாசிக்கக் கிடைக்கின்றன. ஆயினும் அச்சேறிய மலருக்குப் பல படிகள் உண்டு. அச்சேறாத வரவு இடாப்புக்கும், சனசமூக நிலையத்தின் கூட்டக் குறிப்புக்கும், நெடுந்தீவுப் பாட்டியின் தாலாட்டைப் பதிந்த ஒலிநாடாவுக்கும் படி இல்லை. காப்பாற்றப்பட வேண்டியவற்றுள் முதலிடம் அவற்றுக்கே உரியது.

அதற்குரிய முறையும் எளிது. எந்த ஆவணத்துக்கும் மூன்று படி இருத்தல் வேண்டும். அவற்றுள் ஒன்றேனும் வேறு வகைப்பட்ட ஊடகத்தில் இருத்தல் வேண்டும். ஒன்றேனும் கடல் கடந்த வேறிடத்தில் இருத்தல் வேண்டும். ஊர்காவற்றுறையில் ஒரு வன்தட்டும், யாழ்ப்பாணத்தில் ஒரு நாடாவும், தொரன்ரோவிலோ இலண்டனிலோ வாழும் ஊரவரிடம் ஒரு படியும் இருந்தால், ஒரு தீயோ ஒரு புயலோ மூன்றையும் ஒருங்கே அழித்தல் அரிது. ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை பழைய தட்டிலிருந்து புதிய தட்டுக்குப் பெயர்க்கும் நாளொன்றைக் குறித்து வைத்தல் வேண்டும். ஆண்டுதோறும் கோயிற் கொடியேற்றத்தை மறவாத ஊருக்கு இந்நாளை நினைவிற் கொள்வது பெருஞ்சுமையாகாது.

இரும்பும் பிளாற்றினமும் கோபாற்றும் எத்துணை நுட்பமாக அடுங்கினும், அவை நினைவில் வைத்திருப்பவை ஒன்றும் சுழியுமே. அவற்றை எவர் பொருட்டு எழுதினர், எதனை முதலிற் காக்க வேண்டும், எப்பொழுது பெயர்க்க வேண்டும் என்பவற்றைப் படலம் அறியாது. அவ்வறிவு ஊரவரிடம் இருக்கின்றது. பாடசாலை நூலகத்தின் பழைய அலுமாரியைத் திறந்து, கறையான் தொடுமுன் முதலாவது பதிவேட்டைப் படமெடுக்கும் மாணவனும், முன்னொரு காலத்தில் ஓலையும் எழுத்தாணியும் ஏந்திய பெயர்த்தெழுதுவோனின் மரபைச் சேர்ந்தவனே.